போனபார்ட்டின் பின்வாங்கல்: ஒரு மலைநாட்டு இசையும் மறைந்துபோன ஓர் அறிவிப்பாளரும்

பத்தாம் நூற்றாண்டில் அபுல் ஃபரஜ் அல்-இஸ்ஃபஹானி தொகுத்த 'கிதாபுல் அகானி' என்னும் பெருநூலை அறியாத அரபு இலக்கிய மாணவர் இரார். கலீஃபா ஹாரூன் அர்-ரஷீதுக்காகத் தெரிவு செய்யப்பட்ட நூறு பாடல்களை அடித்தளமாகக் கொண்டு அந்நூல் விரிகிறது. ஒவ்வொரு பாடலுக்கும் கவிஞர் யார், இசையமைத்தவர் யார், தாளம் யாது, ஊத் என்னும் யாழின் தந்தியில் எந்த விரலை ஒட்டி அதன் பண் அமைகிறது, இச்செய்தியை யார் யாரிடமிருந்து கேட்டறிவித்தார் என்பன எல்லாம் அதில் முறையாகக் குறிக்கப்பட்டுள்ளன. ஆயினும் அந்தப் பாடல்களுள் ஒன்றைக்கூட அக்காலத்தில் ஒலித்தவாறே இன்று நம்மால் இசைக்க இயலாது. பெயர்கள் எஞ்சின, இசை போயிற்று.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்வு இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்காவில் நடந்தது. அங்கே இசை எஞ்சியது, உலகெங்கும் பரவியது, கோடிக்கணக்கானோர் காதுகளில் விழுந்தது. அதனை அவ்வடிவில் வாசித்தளித்த மனிதரின் பெயரோ பல பத்தாண்டுகள் பொதுநினைவில் இடம்பெறவில்லை. 'போனபார்ட்டின் பின்வாங்கல்' என்னும் பிடில் இசையின் வரலாறு அது. இசைக்கருவிகள் குறித்த மார்க்கச் சட்ட விவாதம் இக்கட்டுரையின் பொருளன்று. ஒரு மரபுச் செல்வம் கைமாறும்போது எது காக்கப்படுகிறது, எது உதிர்ந்துபோகிறது என்னும் வரலாற்றுக் கேள்வியே இங்கு நம் நோக்கம்.

கருவியின் வழி

நம் ஊர்களில் முந்தைய தலைமுறையினர் வயலினைப் 'பிடில்' என்றே அழைத்தனர். அமெரிக்க மலைநாட்டிலும் அதுவே வழக்கு. கருவி ஒன்றே, வாசிக்கும் மரபால் பெயர் வேறுபடுகிறது. அரங்கில் எழுதப்பட்ட இசையை வாசிப்பவர் கையில் அது வயலின். திண்ணையிலும் களத்து மேட்டிலும் நடனத்திற்காகச் செவிவழி இசையை வாசிப்பவர் கையில் அது பிடில்.

இக்கருவியின் முன்னோர்களுள் ஒன்று அரபுலகின் ரபாப். அல்-ஃபாராபி தமது 'கிதாபுல் மூஸீக்கா அல்-கபீர்' என்னும் நூலில் ரபாபை விவரித்துள்ளார். வில்லால் இழுத்து இசைக்கும் அக்கருவி அந்தலுஸ் முதலிய வழிகளில் ஐரோப்பாவுக்குச் சென்று 'ரெபெக்' என்னும் பெயருடன் வழங்கியது. அதனோடு வேறு சில ஐரோப்பியக் கருவிகளின் கூறுகளும் கலந்து, பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வட இத்தாலியில் வயலின் உருப்பெற்றது. பின்னர் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்து ஆகிய நாடுகளிலிருந்து குடிபெயர்ந்தோர் அதனை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றனர்.

அமெரிக்கத் தென்மாநிலங்களில் இக்கருவியைக் கையாண்டோர் வெள்ளையர் மட்டுமல்லர். அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர்களிடையே தேர்ந்த பிடில் கலைஞர்கள் பலர் இருந்தனர். சுதந்திர மனிதராகப் பிறந்து, கடத்தப்பட்டு, அடிமையாக விற்கப்பட்ட சாலமன் நார்தப் 1853-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் தாம் பிடில் வாசித்த செய்தியைக் கூறுகிறார். மேற்கு ஆப்பிரிக்காவில் ஒற்றைத் தந்தியை வில்லால் இசைக்கும் கருவிகள் முன்பே இருந்தன. பிடிலுக்கு இணையாக ஒலிக்கும் பாஞ்சோவும் ஆப்பிரிக்க மூலத்தையுடையதே. ஆகவே அமெரிக்கப் 'பழங்கால இசை' எனப்படுவது பல நாட்டு நீரோடைகள் கலந்த ஓர் ஆறு என்பதை முதலில் மனங்கொள்ள வேண்டும்.

பெயரின் வழி

கென்டக்கி மாநிலத்தின் கிழக்கு மலைகளில் வாழ்ந்த ஓர் உழவர் நெப்போலியன் போனபார்ட்டின் பெயரை ஏன் இசைக்க வேண்டும்? விடை அயர்லாந்தின் வரலாற்றில் கிடைக்கிறது. ஆங்கிலேய ஆட்சியின் கீழ் இருந்த ஐரிஷ் மக்கள் பிரான்ஸின் உதவியை எதிர்நோக்கியிருந்தனர். 1796-இல் பிரெஞ்சுக் கப்பற்படை பேன்ட்ரி விரிகுடா வரை வந்து, புயலால் கரையிறங்க இயலாமல் திரும்பியது. 1798-இல் ஜெனரல் உம்பேர் தலைமையில் ஏறக்குறைய ஆயிரம் பிரெஞ்சு வீரர்கள் கில்லாலாவில் இறங்கிப் போரிட்டுத் தோற்றனர். இந்த ஏமாற்றங்களினூடே போனபார்ட்டின் பெயர் பாடல்களிலும் இசைகளிலும் குடிகொண்டது. அவன் ரைன் நதியைக் கடந்ததாகவும் பின்வாங்கியதாகவும் பெயர் சூட்டிய அணிவகுப்பு இசைகள் கடல் கடந்து அமெரிக்காவிலும் பரவின.

அதே 1798-இல் அதே போனபார்ட் எகிப்தில் இறங்கினான் என்பதையும், அந்த ஆக்கிரமிப்பை அல்-ஜபர்த்தி தமது வரலாற்று நூலில் நேரிற் கண்ட சாட்சியாக எழுதினார் என்பதையும் நம் வாசகர்கள் அறிவர். கெய்ரோவிலிருந்து அவன் திப்பு சுல்தானுக்கு எழுதிய கடிதம் ஆங்கிலேயர் கைப்பட்டதும், 1799 மே மாதத்தில் அக்கா நகரின் முற்றுகையைக் கைவிட்டு அவன் திரும்பியதும் அதன் தொடர்ச்சி. ஒருவன் பெயர் ஒரு நாட்டில் விடுதலை நம்பிக்கையாகவும் வேறொரு நாட்டில் படையெடுப்பின் அச்சமாகவும் ஒலித்தது. மலைநாட்டுப் பிடில் கலைஞர்கள் இவ்விசையை மாஸ்கோவிலிருந்து திரும்பிய படையோடோ வாட்டர்லூ தோல்வியோடோ தொடர்புபடுத்திக் கதை சொல்வதுண்டு. ஆனால் சொற்களற்ற இசை எந்தப் பின்வாங்கலையும் சுட்டிக்காட்டி உறுதிசெய்யாது. தலைப்பு ஒரு சட்டை. உடல் அதனினும் பழையதாக இருக்கலாம். 'கழுகின் சீழ்க்கை' என்னும் பழைய ஐரிஷ் அணிவகுப்பு இசையோடு இதற்குள்ள உறவை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். அவ்வாறாயின் நெப்போலியன் பெயர் இதன்மேல் பிற்காலத்தில் ஏறியது என்றே கொள்ள வேண்டும்.

இசையின் இயல்பு

வயலினின் நான்கு தந்திகளும் வழக்கமாக ஜி, டி, ஏ, ஈ என்னும் சுரங்களுக்குச் சேர்க்கப்படும். கர்நாடக இசைக் கலைஞர்கள் அவற்றை ச, ப, ச, ப என மாற்றிச் சேர்ப்பதுபோல், மலைநாட்டுக் கலைஞர்களும் இசைக்கேற்பத் தந்திகளை மாற்றிச் சேர்ப்பர். 'போனபார்ட்டின் பின்வாங்க'லுக்குக் கீழ்த்தந்தியும் மேல்தந்தியும் தளர்த்தப்பட்டு டி, டி, ஏ, டி என்னும் அமைப்பு உண்டாகிறது. இதனால் அடித்தந்தி ஓயாமல் முழங்கி, நாகசுரத்துக்கு ஒத்து ஊதுவதுபோல் ஒரு பின்னொலியைத் தருகிறது. தோற்பையில் காற்றடைத்து ஊதும் ஸ்காட்லாந்து, ஐரிஷ் குழல்களின் முழக்கம் அதில் கேட்கும். கலைஞர்கள் சிலர் படை நடையையும் முரசொலியையும் வில்லாலும் விரலாலும் நடித்துக் காட்டுவர். பெரும்பாலோர் இதனை நிதானமான அணிவகுப்பாகவே வாசித்தனர். ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த ஏ. ஏ. கிரே 1924-இலேயே இதனை வணிக இசைத்தட்டில் பதிவு செய்திருந்தார்.

ஆகவே இசை அரியதன்று. அரியது அதன் ஒரு வடிவம். அந்த வடிவத்தின் உரிமையாளர் வில்லியம் ஹாமில்டன் ஸ்டெப்.

சேல்யர்ஸ்வில், 1937

ஸ்டெப் 1875-இல் பிறந்தவர். கிழக்குக் கென்டக்கியின் மகோஃபின் வட்டாரத்தில், லிக்கிங் ஆற்றங்கரையிலுள்ள சேல்யர்ஸ்வில் பகுதியில் வாழ்ந்தவர். அம்மலைகளில் அறியப்பட்ட பிடில் கலைஞர். எழுதப்பட்ட சுரக்குறிப்பின் துணையின்றிச் செவிவழியாகவே இசை கைமாறிய சூழலில் அவர் கலை வளர்ந்தது.

1928-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் நாட்டுப்பாடல் ஆவணக் காப்பகம் நிறுவப்பட்டது. அதன் பொறுப்பில் இருந்த ஆலன் லோமாக்ஸ் என்னும் இளைஞர், தம் மனைவி எலிசபெத்துடன் 1937-ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் கென்டக்கி மலைகளுக்குப் பயணமானார். அப்போது அவருக்கு வயது 22. தட்டில் ஒலிக்கோட்டை நேரடியாக வெட்டிப் பதியும் கனத்த பொறியை வண்டியில் ஏற்றிக்கொண்டு, கரடுமுரடான சாலைகளில் அவர்கள் ஊர் ஊராகச் சென்றனர். அக்டோபர் 26-ஆம் நாள் சேல்யர்ஸ்வில்லில் 62 வயதான ஸ்டெப் அப்பொறியின் முன் அமர்ந்து 'போனபார்ட்டின் பின்வாங்க'லை வாசித்தார்.

அவர் செய்தது பெரிய மாற்றம். மெல்ல நடக்கும் படையின் இசையை அவர் விரைந்து சுழலும் நடன இசையாக்கினார். வில் தந்திகளின்மேல் துள்ளித் துள்ளி ஓடுகிறது. அடித்தந்தியின் முழக்கம் இடையறாமல் தொடர்கிறது. ஒரே அடி மீண்டும் வரும்போது சிறு மாறுதலுடன் வருகிறது. தோற்றுத் திரும்பும் படையின் சோர்வு அங்கே இல்லை. நடனக்களத்தின் புழுதியும் காலடி ஓசையும் அங்கே உள்ளன.

அப்பாஸிய காலத்தில் இஸ்ஹாக் அல்-மவ்ஸிலிக்கும் இளவரசர் இப்ராஹீம் இப்னுல் மஹ்திக்கும் நடந்த புகழ்பெற்ற வழக்கு இங்கு நினைவுக்கு வருகிறது. பழைய பாடலைப் பெற்றவாறே பாட வேண்டும் என்பது இஸ்ஹாக்கின் நிலை. தம் ரசனைக்கேற்ப மாற்றிப் பாடலாம் என்பது இப்ராஹீமின் நிலை. ஸ்டெப் இப்ராஹீமின் கட்சியைச் சேர்ந்தவர் என்று தோன்றலாம். ஆயினும் அவர் சுருதியமைப்பையும் முழக்கத்தையும் இசையின் எலும்புக்கூட்டையும் மாற்றவில்லை. நடையை மட்டுமே மாற்றினார். மரபுக்குள் நின்றே புதிது செய்தவர் என அவரைக் கூறலாம்.

தட்டிலிருந்து தாளுக்கு

இசைத்தட்டுகள் வாஷிங்டன் நூலகத்தில் அடுக்கப்பட்டன. அவற்றைக் கேட்டு எழுதும் பணி ரூத் கிராஃபோர்ட் சீகர் என்னும் அம்மையாரிடம் வந்தது. அவர் (1901–1953) நவீன இசையமைப்பில் புகழ்பெற்றவர். 1930-இல் இசையமைப்புக்கான குகன்ஹைம் நல்கையைப் பெற்ற முதற் பெண்மணி. ஜான் லோமாக்ஸ், ஆலன் லோமாக்ஸ் என்னும் தந்தையும் மகனும் தொகுத்து 1941-இல் வெளிவந்த 'அவர் சிங்கிங் கன்ட்ரி' என்னும் நூலின் இசைப் பதிப்பாசிரியர் அவரே.

ஒரே தட்டைப் பன்முறை ஓடவிட்டு, பாடியவர் எங்கே நிறுத்தினார், எங்கே சுரத்தைச் சற்றே வளைத்தார் என்பதையெல்லாம் அவர் குறித்தார். பாடல்களை எழுதும் முறை பற்றி அவர் வரைந்த முன்னுரை நீண்டு தனி ஆய்வாகிவிட்டமையால் அந்நூலில் இடம்பெறவில்லை. 2001-இல்தான் அது தனி நூலாக வெளிவந்தது. பழஞ்சுவடியைப் படியெடுப்போரின் பொறுப்புணர்வு அவரிடம் இருந்தது. அழகுபடுத்துவதை விட உள்ளது உள்ளபடி எழுதுவதையே அவர் கடமையாகக் கொண்டார். ஸ்டெப்பின் இசை அந்நூலில் 'போனிபார்ட்' என்னும் பேச்சுவழக்குத் தலைப்புடன் அச்சேறியது. வாசித்தவர் பெயரும் அங்கே குறிக்கப்பட்டது. அதாவது 1941 வரை அறிவிப்புத் தொடர், நம் வழக்கில் சொன்னால் ஸனது, அறுபடவில்லை.

ஆவணங்கள் சிலவற்றில் அவர் பெயர் 'டபிள்யூ. எம். ஸ்டெப்' எனக் காணப்படுகிறது. ஆங்கிலத்தில் வில்லியம் என்பதைச் சுருக்கி எழுதும் இரண்டு எழுத்துகளை இரு தனி முதலெழுத்துகளாகப் பிரித்துப் படித்ததன் விளைவாக இது இருத்தல் கூடும். ஒரு புள்ளி இடம் மாறினால் பெயர் மாறிவிடும் அரபுச் சுவடிகளின் 'தஸ்ஹீஃப்' பிழைகளோடு பழகியவர்களுக்கு இது வியப்பளிக்காது.

தாளிலிருந்து அரங்கிற்கு

1942-இல் நடன அமைப்பாளர் ஆக்னஸ் டி மில், அமெரிக்க மேற்குப் பகுதியின் மாட்டுப்பண்ணை வாழ்வைக் கூறும் 'ரோடியோ' என்னும் பாலே நாடகத்தை உருவாக்கினார். அதற்கு இசையமைத்தவர் ஆரன் கோப்லண்ட் (1900–1990). அந்நாடகம் 1942 அக்டோபர் 16-ஆம் நாள் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஆப்பெரா மாளிகையில் அரங்கேறிப் பெருவெற்றி பெற்றது. அதன் இறுதிப் பகுதி 'ஹோ-டவுன்'. அதன் முதன்மை இசை, சீகர் அம்மையார் எழுதிய ஸ்டெப்பின் 'போனபார்ட்டின் பின்வாங்கல்'. பொதுவான நாட்டு மெட்டிலிருந்து கோப்லண்ட் தூண்டுதல் பெற்றார் என்று மட்டும் கூறினால் போதாது. ஸ்டெப் அன்று வாசித்த திருப்பங்களும் விரைவும் ஏறக்குறைய சுரத்துக்குச் சுரம் அங்கே உள்ளன. அவற்றைப் பல கருவிகளுக்குப் பகிர்ந்தளித்து, ஒலிவண்ணம் தீட்டி, மாளிகையை அதிரச் செய்தது கோப்லண்டின் திறன்.

இங்குதான் தொடர் அறுந்தது. இசைநிகழ்ச்சிகளிலும் இசைத்தட்டுகளிலும் கோப்லண்டின் பெயரே ஒலித்தது. ஸ்டெப் இன்னும் 15 ஆண்டுகள் உயிரோடிருந்து 1957-இல் மறைந்தார். 1972-இல் எமர்சன், லேக் அண்ட் பாமர் என்னும் ஆங்கில ராக் குழு மின்னிசைக் கருவிகளில் 'ஹோ-டவுன்' வாசித்தது. 1992-இல் அமெரிக்க மாட்டிறைச்சித் தொழிலின் தொலைக்காட்சி விளம்பரங்களுக்கு அதே இசை பின்னணியாயிற்று. அதன்பின் அந்நாட்டில் அதனைக் கேளாத வீடு இல்லை எனலாம்.

பெயரோடு இடமும் மாறிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். கென்டக்கியின் செங்குத்தான மலைகளில், சிறு நிலத்தில் உழுது வாழ்ந்தவர்களின் இசை அது. பரந்த மேற்குப் புல்வெளியின் குதிரைவீரர்களுடைய இசையாகவே இன்று பலரும் அதனை எண்ணுகின்றனர். நாடகம் ஒன்றின் களம், இசையின் பிறப்பிடத்தை மறைத்துவிட்டது. அயர்லாந்திலிருந்து வந்த மெட்டுக்கு நெப்போலியன் பெயர் ஏறியதுபோலவே, கென்டக்கி இசைக்கு மேற்கத்திய முகம் ஏறியது.

மீட்பும் மதிப்பீடும்

தொடரை மீண்டும் இணைத்தவர்களுள் முதன்மையானவர் ஆலன் ஜப்பூர் (1942–2017). 'ஜப்பூர்' என்னும் அவருடைய குடும்பப்பெயர் அரபுமொழிக்குரியது. மரபான வயலின் பயிற்சி பெற்று, பின்னர் முதிய மலைநாட்டுக் கலைஞர்களிடம் சென்று பிடில் கற்றவர். 1976-இல் தொடங்கிய அமெரிக்க நாட்டார் வாழ்வியல் மையத்தின் முதல் இயக்குநர். காங்கிரஸ் நூலகத்தின் களப்பதிவுகளிலிருந்து தெரிவு செய்து அவர் 1971-இல் வெளியிட்ட பிடில் இசைத்தட்டில் ஸ்டெப்பின் வாசிப்பும் இடம்பெற்றது. அதனைக் கேட்ட இளைஞர்கள், தாங்கள் கோப்லண்டுடையது என்று அறிந்திருந்த இசையின் மூலத்தை ஒரு முதியவரின் வில்லிலிருந்து கேட்டனர். ஸ்டீபன் வேட் என்னும் ஆய்வாளர் 2012-இல் வெளியிட்ட நூலில் ஸ்டெப்பின் வாழ்வைத் தேடித் தொகுத்து ஓர் இயலையே ஒதுக்கினார்.

இனி நீதியைக் கூற வேண்டும். கோப்லண்ட் சட்டத்தை மீறினார் எனக் கூற இடமில்லை; நாட்டார் மெட்டுகளைப் பேரிசையில் கையாளுதல் ஐரோப்பிய இசையமைப்பாளரின் நெடுநாள் வழக்கம். அவர் எடுத்தாளாவிடில் அவ்வடிவம் நூலக அடுக்கிலேயே உறங்கியிருக்கவும் கூடும். மறுபுறம், ஸ்டெப்பும் அந்த மெட்டை ஒன்றுமில்லாமையிலிருந்து படைத்தவரல்லர். பெயர் தெரியாத பலரின் செவிகளையும் விரல்களையும் கடந்தே அது அவரை அடைந்தது. ஆனால் பொதுச் சொத்து என்னும் சொல் பெயரை அழிப்பதற்கான அனுமதி ஆகிவிடக் கூடாது. மெட்டு பொதுவானது, அந்த விரைவும் அந்தத் திருப்பங்களும் ஒரு தனிமனிதரின் உழைப்பு. உரிமைத்தொகை யாருக்கு என்பது வழக்கறிஞர்களின் கேள்வி. 'இதனை இன்னாரிடமிருந்து பெற்றேன்' என்று ஒரு வரி கூறுவது அறிவின் ஒழுக்கம். அதற்குச் செலவு ஏதும் இல்லை.

இவ்வரலாற்றில் நால்வர் பணி உண்டு. ஸ்டெப் வாசித்தார், லோமாக்ஸ் பதித்தார், சீகர் எழுதினார், கோப்லண்ட் விரித்தார். இந்நால்வருள் ஒருவர் இல்லையெனினும் இன்று உலகம் கேட்கும் 'ஹோ-டவுன்' இவ்வாறு அமைந்திராது. நால்வருள் மேடைப்புகழ் ஒருவருக்கே கிட்டியது. மற்ற மூவரின் பணியை மீட்டுத் தந்தவை அந்தத் தட்டும், அதன்மேல் ஒட்டிய சீட்டும், அச்சுநூலில் மெட்டோடு சேர்த்துக் குறித்த ஊர்ப்பெயரும், ஆட்பெயருமே.

நம் ஊர்களில் படைப்போர் இலக்கியங்களையும், முனாஜாத்துகளையும், கப்பற்பாட்டுகளையும் பழைய மெட்டில் பாடத் தெரிந்த முதியோர் இன்னும் சிலர் உள்ளனர். அவற்றைப் பதிவு செய்ய முற்படுவோர் கைப்பேசியில் குரலைப் பிடித்துக்கொள்வதோடு நின்றுவிடுகின்றனர். பாடியவர் யார், எந்த ஊர், யாரிடம் கற்றார், எந்நாளில் பாடினார் என்னும் நான்கு செய்திகளையும் அதனோடு எழுதி வைப்பவர் அரியர். இஸ்ஃபஹானிக்குப் பெயர்களைக் காக்க வழி இருந்தது. ஒலியைக் காக்க வழி இல்லை. நமக்கு இரண்டும் கையில் உள்ளன. இரண்டில் ஒன்றைத் தவறவிட்டாலும் குறை காலத்தின்மேல் சாராது, நம்மேலேயே சாரும்.